ஹாமண்ட்ஸ்போர்ட்: ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் விமானம் வளர்ந்த வரலாறு

ஹாமண்ட்ஸ்போர்ட்டைப் பற்றி எழும் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ரைட் சகோதரர்கள் 1903-ஆம் ஆண்டிலேயே கிட்டி ஹாக் மணல்வெளியில் பறந்துவிட்டிருக்க, நியூயார்க் மாநிலத்து ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சிற்றூரை அமெரிக்க விமானத்துறையின் தொட்டில் என்று சிலர் கூறுவது சரிதானா என்பது ஒன்று. சரியென்றால், அந்த ஊரில் விமானம் கட்டும் தொழில் ஏன் நிலைக்கவில்லை என்பது மற்றொன்று. விமானம் அங்கே பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சிலர் மட்டுமே கண்டிருந்த ஒரு கண்டுபிடிப்பு, ஊர் கூடிப் பார்க்கவும் விலைக்கு வாங்கவும் பள்ளி வைத்துக் கற்பிக்கவும் தக்க பொருளாக மாறியதில் ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்குப் பெரும் பங்குண்டு. தண்ணீரிலிருந்து எழும் விமானத்தைப் பொறுத்தவரை அவ்வூரின் உரிமை இன்னும் வலுவானது. இவ்விரண்டையும் அந்த ஊருக்குத் தந்தவை எடை குறைந்த ஓர் எஞ்சினும் ஓர் ஏரியும்தான்.

ஹாமண்ட்ஸ்போர்ட், கியூகா ஏரியின் தென்முனையில் அமைந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்ந்தார்கள். ஏரியின் இருமருங்கும் எழும் சரிவுகளில் திராட்சை விளைந்தது. 1860-இல் தொடங்கப்பட்ட பிளெசன்ட் வேலி ஒயின் ஆலை ஊருக்குப் பேரும் வருவாயும் தந்தது. வெளியுலகோடு அதை இணைத்தது அருகிலுள்ள பாத் நகரம் வரை சென்ற குட்டி ரயில் பாதை ஒன்று. குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் பல கிலோமீட்டருக்குத் தட்டையான பனித்தளம். கோடையில் அதே இடம் விரிந்த நீர்ப்பரப்பு. மலைகளுக்கிடையே சமதளம் அரிதான அந்த வட்டாரத்தில், ஏரியின் தென்முனையை ஒட்டிய பள்ளத்தாக்கு மட்டும் குதிரைப் பந்தயத்துக்கு ஓடுதளம் அமைக்கும் அளவுக்குச் சமமாக இருந்தது.

கிளென் ஹாமண்ட் கர்ட்டிஸ் இவ்வூரில் 1878 மே 21 அன்று பிறந்தார். தந்தை இளம் வயதிலேயே காலமானார். தங்கை நோயால் செவித்திறனை இழந்ததால், அவளைச் செவித்திறனற்றோர் பள்ளியில் சேர்க்கும் பொருட்டுக் குடும்பம் ராச்செஸ்டர் நகரத்துக்குச் சென்றது. அங்கே கர்ட்டிஸ் தந்தி நிறுவனத்துக்குச் சைக்கிளில் செய்தி சுமந்தார். வேகத்தின் மீது பிடித்த பித்து அதன்பிறகு அவரை விடவில்லை. ஊர் திரும்பிச் சைக்கிள் கடை வைத்தார், பந்தயங்களில் ஓட்டினார், பிறகு தபால்வழியாக எஞ்சின் வார்ப்புகளை வரவழைத்துச் சைக்கிளில் பொருத்தினார். அந்த முதல் எஞ்சினுக்குத் தக்காளி அடைத்து விற்ற தகரடப்பாவே கார்புரேட்டர் ஆயிற்று என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒருவரின் பட்டறை இது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வார்த்த எஞ்சின்களின் சிறப்பு, எடைக்கு மிஞ்சிய வலிமை. 1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில், எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய மோட்டார் சைக்கிளில் அவர் மணிக்கு 136 மைல், அதாவது ஏறக்குறைய 219 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அந்த வண்டியைச் சந்தையில் விற்க வழியில்லை. ஆனால் காற்றில் எழ விரும்பியவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த எஞ்சின்தான். உண்மையில் அதற்கு மூன்றாண்டு முன்பே அவர்களுள் ஒருவர் அவரைத் தேடிப் பிடித்திருந்தார். வாயு நிரப்பிய பையால் மிதந்து எஞ்சினால் ஓடும் வான்கப்பல் கட்டிக்கொண்டிருந்த தாமஸ் பால்ட்வின், கர்ட்டிஸின் மோட்டார் சைக்கிள் எஞ்சினைத் தம் ‘கலிஃபோர்னியா ஆரோ’ வான்கப்பலில் பொருத்தி, 1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பறக்கவிட்டு வெற்றி கண்டார். 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த தம் தொழிற்கூடத்தை இழந்தபின், எஞ்சின் கிடைக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்று ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஆக, விமானம் வருவதற்கு முன்பே அந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே வான்கப்பல்கள் மிதந்துகொண்டிருந்தன.

எஞ்சின் தேடி வந்த அடுத்தவர் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல். அவர் 1907 அக்டோபரில் வான்வழிச் சோதனைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு 20,000 டாலர் முதலீடு தந்தவர் அவர் மனைவி மேபல் பெல். உறுப்பினர் ஐவர்: பெல், கர்ட்டிஸ், கனடாவின் இளம் பொறியாளர்களான கேசி பால்ட்வின், மெக்கர்டி, அமெரிக்கத் தரைப்படை அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். (வான்கப்பல் பால்ட்வினுக்கும் இந்தப் பால்ட்வினுக்கும் உறவில்லை, நூல்களில் இருவரையும் குழப்புவது வழக்கமாகிவிட்டது.) கோடையில் பெல்லின் நோவா ஸ்கோஷியா இல்லத்தில் இயங்கிய குழு, குளிர்காலத்தில் பட்டறையை நாடி ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்கு வந்தது. ஐவருக்கும் ஆளுக்கொரு விமானம் என்ற ஏற்பாட்டில் வேலை நடந்தது. ஒவ்வொருவரும் ஒன்றை வடிவமைப்பதில் தலைமை ஏற்க, மற்றவர்கள் துணை நின்றார்கள்.

முதலில் வந்தது செல்ஃப்ரிட்ஜின் ‘ரெட் விங்’. பெல்லின் பட்டங்களுக்கு வாங்கி மீந்துபோன சிவப்புப் பட்டுத்துணியை இறக்கைக்குப் போர்த்தியதால் அந்தப் பெயர். சக்கரங்களுக்குப் பதில் சறுக்குக்கட்டைகள் பொருத்தப்பட்ட அது, 1908 மார்ச் 12 அன்று கியூகா ஏரியின் பனித்தளத்தில் ஓடி எழுந்து, 319 அடி தொலைவு, அதாவது சுமார் 97 மீட்டர் பறந்து இறங்கியது. செல்ஃப்ரிட்ஜ் அன்று அலுவல் காரணமாக ஊரில் இல்லாததால் ஓட்டியவர் கேசி பால்ட்வின். ஐந்து நாள் கழித்து இரண்டாம் முறை எழுந்தபோது பக்கக்காற்றில் ஒருபுறம் சாய்ந்து விழுந்து உடைந்தது; சாய்வைத் திருத்திக்கொள்ள அதில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

அந்த உடைவுதான் அடுத்த விமானத்தை உருவாக்கியது. மே மாதத்தில் தயாரான ‘ஒயிட் விங்’கின் இறக்கை நுனிகளில், கீல் வைத்து அசையும் சிறு முக்கோணப் பலகைகள் இருந்தன. விமானம் ஒருபக்கம் சாய்ந்தால், ஓட்டுபவர் இயல்பாகவே மறுபக்கம் உடலைச் சாய்ப்பார். தோளோடு பிணைத்த சட்டம் கம்பிகளை இழுத்து ஒரு நுனியின் பலகையை ஏற்றி மறு நுனியின் பலகையை இறக்கும். இன்றும் ஒவ்வொரு பயணிகள் விமானத்தின் இறக்கையிலும் அசைவதை ஜன்னலோர இருக்கையிலிருந்து காணலாமே, அந்த ஏலரானின் அமெரிக்கத் தொடக்கம் இதுதான். பனி உருகிவிட்டதால் இம்முறை சக்கரங்களோடு, பள்ளத்தாக்கின் ஸ்டோனி புரூக் பண்ணையிலிருந்த குதிரைப் பந்தயத் தளத்தில் ஓட்டினார்கள். தம் முப்பதாவது பிறந்தநாளன்று கர்ட்டிஸ் அதில் 1,017 அடி பறந்தார். இரண்டு நாளில் மெக்கர்டியின் கையில் அதுவும் உடைந்தது.

மூன்றாவது ‘ஜூன் பக்’. அந்தப் பருவத்தில் பறந்து திரியும் வண்டின் பெயரைப் பெல் சூட்டினார். வடிவமைப்பில் தலைமை கர்ட்டிஸுடையது. முதலில் அது எழவே மறுத்தது; துணியின் இழைகளுக்கிடையே காற்று ஊடுருவி வெளியேறுவதே காரணம் என்று கண்டறிந்து, பாரஃபின் மெழுகை டர்பன்டைனிலும் பெட்ரோலிலும் கரைத்து இறக்கைத் துணியில் பூசினார்கள். புகைப்படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதோடு மஞ்சள் காவியும் கலந்தார்கள். பூச்சு காய்ந்தபின் விமானம் எழுந்தது.

‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ், முன்னறிவித்த பொதுக்காட்சியில் ஒரு கிலோமீட்டர் நேர்கோட்டில் பறப்பவருக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றை அறிவித்திருந்தது. போட்டி அமைப்பாளர்கள் முதலில் ரைட் சகோதரர்களையே அணுகினார்கள். விமானம் தன் சொந்த விசையால் தரையிலிருந்து எழ வேண்டும் என்பது விதி, ரைட் சகோதரர்களின் விமானமோ தண்டவாளம் போன்ற கட்டையில் வைத்து ஏவப்படுவது, சக்கரம் கிடையாது. ஆர்வில் ரைட் மறுத்துவிட்டார். 1908 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள், ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கூடுவதென்று நாள் குறிக்கப்பட்டது.

அன்றைய பொழுது காற்றும் மழையுமாகக் கழிந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த, வான்பயண ஆர்வலர் சங்கமான ஏரோ கிளப்பின் பிரமுகர்களை ஒயின் ஆலை தன் பாதாள அறைகளில் வைத்து உபசரித்தது. ஊர்மக்கள் சரிவுகளிலும் வேலியோரங்களிலும் காத்திருந்தார்கள். மாலையில் காற்று அடங்கியபின் கர்ட்டிஸ் எழுந்தார். வால்பகுதி தவறான கோணத்தில் பூட்டப்பட்டிருந்ததால் விமானம் மூக்கை உயர்த்திக்கொண்டே போக, எல்லைக் கம்பத்துக்கு முன்பே இறங்கிவிட்டார். வாலைச் சரிசெய்து, ஏறத்தாழ ஏழரை மணிக்கு மீண்டும் எழுந்தார். கம்பத்தைக் கடந்த பின்னும் நிற்காமல் ஒரு மைலுக்குச் சற்றே குறைவான தொலைவு, சுமார் 1,550 மீட்டர், பறந்துவிட்டுத்தான் இறங்கினார். நேரம் ஒரு நிமிடம் 42 விநாடிகளும் அரையும்.

இந்தப் பறப்பின் மதிப்பை மிகைப்படுத்தவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ரைட் சகோதரர்கள் 1905 அக்டோபரிலேயே டேட்டன் அருகே ஒரே மூச்சில் 24 மைல் வட்டமடித்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் ஜூன் பக் குழந்தையின் நடை. ஆனால் காப்புரிமையைக் காக்கும் பொருட்டும் விற்பனை ஒப்பந்தம் முடிவதற்காகவும் அவர்கள் அதன்பின் இரண்டரை ஆண்டுகள் பறப்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். வில்பர் ரைட் பிரான்சில் மக்கள்முன் பறந்தது 1908 ஆகஸ்டில்தான். அமெரிக்காவில் முன்கூட்டியே நாள் குறித்து, நடுவர்கள் அளக்க, மக்கள் கூடியிருக்க நடந்த முதல் பறப்பு ஹாமண்ட்ஸ்போர்ட்டினுடையது. அந்த ஊருக்கு இது போதுமான பெருமை. ‘முதல் விமானம்’ என்ற பட்டத்தை அதன்மேல் ஏற்ற வேண்டிய தேவையில்லை.

அதே ஜூலையில் ஆர்வில் ரைட்டின் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: சோதனைக்குப் பறக்கலாம், எங்கள் காப்புரிமைக்கு உட்பட்டதைக் காட்சிக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த அனுமதி தரவில்லை. 1909-இல் வழக்குத் தொடங்கியது. தங்களைப்போல் இறக்கையை முறுக்கினாலும் கர்ட்டிஸைப்போல் நுனிப்பலகையை அசைத்தாலும் பக்கவாட்டுச் சமநிலை என்ற கருத்து தங்களுடையதே என்பது ரைட் தரப்பு. 1914-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. உலகப்போரின் தேவைக்காக 1917-இல் காப்புரிமைகள் பொதுவில் வைக்கப்பட்ட பிறகே அந்தப் பூசல் ஓய்ந்தது. இதோடு உள்வீட்டு வழக்கு வேறு. அகஸ்டஸ் ஹெரிங் என்பவர், ரைட்டுகளுக்கும் முந்திய காப்புரிமைகள் தம்மிடம் இருப்பதாகச் சொல்லி 1909-இல் கர்ட்டிஸோடு கூட்டு நிறுவனம் தொடங்கினார். அப்படி எந்தக் காப்புரிமையும் வெளிவரவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் நொடித்தது. கர்ட்டிஸ் தம் பட்டறையையே திரும்ப விலைக்கு வாங்கும் நிலை ஏற்பட்டது.

இத்தனை நெருக்கடியிலும் பட்டறை ஓயவில்லை. சோதனைக் கழகத்தின் நான்காவது விமானமான ‘சில்வர் டார்ட்’ இங்கேயே கட்டப்பட்டு, கனடாவுக்கு அனுப்பப்பட்டு, 1909 பிப்ரவரி 23 அன்று அந்நாட்டின் முதல் விமானப் பறப்பாயிற்று. அதைக் காண செல்ஃப்ரிட்ஜ் உயிரோடில்லை. 1908 செப்டம்பரில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் பயணியாகச் சென்று, எஞ்சின் பூட்டிய விமானத்தின் விபத்தில் இறந்த முதல் மனிதரானார். 1909 ஆகஸ்டில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரத்தில் நடந்த பந்தயத்தில், அவசரமாகக் கட்டி எடுத்துச்சென்ற ஒரே விமானத்தோடு போன கர்ட்டிஸ், பிரெஞ்சு விமானி புளேரியோவை ஆறு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். 1910 மே மாதத்தில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை ஹட்சன் ஆற்றைப் பின்தொடர்ந்து பறந்து 10,000 டாலர் பரிசு பெற்றார். அமெரிக்காவின் முதலாம் எண் விமானி உரிமம் அவருக்குக் கிடைத்தது இவற்றுக்காக அல்ல; ஏரோ கிளப் முன்னோடிகளுக்கு அகரவரிசையில் எண் கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி ஏரியின் கதை. என் மதிப்பில் ஹாமண்ட்ஸ்போர்ட்டின் உண்மையான தனிச்சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. தரையில் ஓடுதளங்கள் அரிதான அக்காலத்தில், நீர்ப்பரப்பு எங்கும் கிடைக்கும் ஓடுதளம் என்பதை ஏரிக்கரையில் வளர்ந்தவர் உணர்ந்தது வியப்பல்ல. மிதவை பொருத்திக் கர்ட்டிஸ் முதலில் வெற்றி கண்டது 1911 ஜனவரியில் சான் டியேகோ விரிகுடாவில். ஏனெனில் அந்த மாதத்தில் கியூகா உறைந்து கிடக்கும். கோடை வந்ததும் வேலை ஊருக்குத் திரும்பியது. அமெரிக்கக் கடற்படை வாங்கிய முதல் விமானமான ஏ-1, நீர், நிலம், வான் என மூன்றிலும் இயங்கியதால் ‘டிரையாட்’ எனப்பட்டது. அது 1911 ஜூலை 1 அன்று கியூகா ஏரியிலிருந்துதான் முதன்முதலில் எழுந்தது. கடற்படையின் முதல் விமானியான தியோடர் எல்லிசன் அதே நாளில் தனியாகவும் ஓட்டினார்.

இடமில்லாத போர்க்கப்பலிலிருந்து விமானத்தை எப்படி ஏவுவது என்பது கடற்படையின் அடுத்த கவலை. 1911 செப்டம்பர் 7 அன்று நடந்த சோதனை அந்தக் காலத்துத் துணிச்சலைக் காட்டும். கரையில் ஒரு மேடை கட்டி, அதிலிருந்து ஏரித்தண்ணீருக்குள் இறங்கும்படி சுமார் 250 அடி நீளத்துக்கு இரும்புக்கம்பி வடம் ஒன்றை இழுத்துக்கட்டினார்கள். மிதவையின் அடிப்புறத்தில் வெட்டிய பள்ளம் அந்த வடத்தின்மேல் அமர்ந்தது. இறக்கைகள் சாயாதிருக்க இருபுறமும் துணைக்கம்பிகள். எல்லிசன் எஞ்சினை முடுக்கியதும் விமானம் வடத்தின்மேல் சறுக்கி, நீரைத் தொடுவதற்குள் எழுந்துவிட்டது. கப்பலுக்கு இந்த முறை கடைசியில் பயன்படவில்லை. அழுத்தக்காற்றால் ஏவும் கருவி அதன் இடத்தைப் பிடித்தது.

மிதவை பூட்டிய விமானத்துக்கு அப்பால், படகையே உடலாகக் கொண்ட ‘பறக்கும் படகு’ 1912 கோடையில் இதே ஏரியில் உருவானது. அதில் எதிர்பாராத சிக்கல் ஒன்று தலைதூக்கியது. எவ்வளவு வேகமெடுத்தாலும் நீர், படகின் அடிப்புறத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு விட மறுத்தது. கர்ட்டிஸ் மோட்டார் படகில் அருகே ஓடி, நீர் எங்கே ஒட்டுகிறது என்று கண்ணால் பார்த்தார். பிறகு அடிப்புறத்தில் ஆப்புக்கட்டைகள் அடித்து ஒரு படி உண்டாக்கினார். வேகமெடுத்ததும் நீரின் ஓட்டம் அந்தப் படியில் முறிந்து காற்றுக்கு வழிவிட, படகு விடுபட்டு எழுந்தது. பின்னாளில் வந்த பெரிய பறக்கும் படகுகளின் அடிப்புறத்திலும் இந்தப் படியைக் காணலாம்.

ஊரின் பறக்கும் பள்ளிக்கு அந்த ஆண்டுகளில் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஜப்பானியக் கடற்படை 1912-இல் அனுப்பிய அதிகாரிகளுள் ஒருவரான சிகுஹேய் நகாஜிமா, நாடு திரும்பிப் பின்னர் தம் பெயரிலேயே பெரும் விமான நிறுவனத்தை நிறுவியவர். 1910-இல் கற்றுக்கொண்ட பிளான்ச் ஸ்டூவர்ட் ஸ்காட், அமெரிக்காவில் விமானம் ஓட்டிய முதல் பெண்களுள் ஒருவர். பயிற்சி முறை எளிது: ஓர் இருக்கை மட்டுமே கொண்ட விமானத்தின் விசைமிதிக்கு அடியில் கட்டை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தி, எழ முடியாதபடி தரையிலேயே இங்குமங்கும் ஓட்டப் பழக்கினார்கள். ஆசிரியர் அருகில் அமர வழியில்லை. மாணவர் தம் துணிவில் கற்க வேண்டியதுதான்.

1914 ஹாமண்ட்ஸ்போர்ட்டின் உச்சமும் சரிவும் சேர்ந்த ஆண்டு. அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதற்கென்று செல்வந்தர் ராட்மன் வானமேக்கர் பணம் தர, ‘அமெரிக்கா’ என்ற இரட்டை எஞ்சின் பறக்கும் படகு கட்டப்பட்டது. ஜூன் 22 அன்று பெயர்சூட்டு விழா. உள்ளூர் ஷாம்பெயின் பாட்டிலை எத்தனை முறை அடித்தும் அது உடையாமல் போகவே, ஓட்டுவதாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் போர்ட் சுத்தியலால் உடைத்தார். ஆறு நாளில் சராயேவோவில், முதல் உலகப்போருக்கு வித்திட்ட துப்பாக்கி வெடித்தது. ஆகஸ்டில் போர் மூண்டு போர்ட் நாட்டுக்கு அழைக்கப்பட்டார். கடல்தாண்டும் பயணம் நின்றது. ஆனால் அந்தப் படகையும் அதன் வழித்தோன்றல்களையும் பிரிட்டிஷ் கடற்படை வாங்கி நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்படுத்தியது. கர்ட்டிஸ் நிறுவனத்தின் பறக்கும் படகு ஒன்று, என்சி-4, வழியில் இறங்கி இறங்கியேனும், 1919-இல் அட்லாண்டிக்கைக் கடந்தது.

அதே 1914-இன் கோடையில், எனக்கு உவப்பில்லாத ஒரு காரியமும் அந்த ஏரியில் நடந்தது. 1903-இல் இருமுறை ஆற்றில் விழுந்த லாங்லியின் விமானத்தை, அவர் தலைமை வகித்திருந்த வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆய்வு, அருங்காட்சியக நிறுவனம் கர்ட்டிஸிடம் தந்து பறக்கவைக்கச் சொன்னது. மே 28 அன்று அது சில கணங்கள் நீரை விட்டு எழுந்தது. அதற்குள் அதில் செய்த மாற்றங்கள் பல. இருந்தும் ரைட்டுகளுக்கு முன்பே பறக்கவல்ல விமானம் இதுவே என்று அந்நிறுவனம் அறிவித்தது. வழக்கில் தோற்றிருந்த கர்ட்டிஸுக்கு அதில் ஆதாயம் இருந்தது என்பது வெளிப்படை. சினம் கொண்ட ஆர்வில், 1903 விமானத்தை 1928-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942-இல் ஸ்மித்சோனியன் தவற்றை ஒப்புக்கொண்டது. விமானம் 1948-இல்தான் அமெரிக்கா திரும்பியது, ஆர்வில் இறந்தபின்.

தொழில் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு விடை, அதை வளர்த்த நிலவமைப்பிலேயே இருக்கிறது. போர் தொடங்கியதும் ஆர்டர்கள் குவிந்தன. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் அத்தனை வேலைக்கு ஆளும் இல்லை, வருவோர் தங்க வீடும் இல்லை. மலைச்சரிவில் ஒட்டுக்கொட்டகைகளாகப் பெருகிய ஆலை விரிய இடமில்லை. ஒற்றை ரயில் பாதையில் மூலப்பொருள் வந்து விமானம் போக வேண்டும். நிறுவனம் பஃபலோ நகரத்துக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டது. ‘ஜென்னி’ என்று பெயர்பெற்ற ஜேஎன்-4 பயிற்சி விமானங்கள் அங்கேதான் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. எஞ்சின் மட்டும், அதாவது 90 குதிரைத்திறன் கொண்ட ஓஎக்ஸ்-5, ஹாமண்ட்ஸ்போர்ட்டில் தொடர்ந்து தயாராயிற்று. 1918 நவம்பரில் போர் ஓய்ந்ததோடு அந்த ஆலையும் மூடப்பட்டது. பதினான்கு மாதம் கழித்து நாடெங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வர, ஊரின் பழைய தொழிலான ஒயினும் படுத்துவிட்டது.

கர்ட்டிஸ் பிற்காலத்தில் ஃபுளோரிடாவில் நிலம் வாங்கி ஊர்கள் அமைப்பதில் ஈடுபட்டார். ஹெரிங் இறந்த பின்னும் அவர் வாரிசுகள் விடாத வழக்குக்காக 1930-இல் ராச்செஸ்டர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தபோது குடல்வால் அழற்சி கண்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஜூலை 23 அன்று பஃபலோவில் இறந்தார். ஹாமண்ட்ஸ்போர்ட்டில் அடக்கம் செய்யப்பட்டார். ஊரில் இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. மூடப்பட்ட ஆலையின் தொழிலாளர்கள் சிலர் 1920-இல் தாமே சேர்ந்து, போர்க்கால விமானங்களைப் பழுதுபார்க்கவும் உதிரிபாகம் விற்கவும் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். பின்னர் மெர்க்குரி என்று பெயர் மாறிய அது, சில விமானங்களையும் கட்டிப்பார்த்துவிட்டு, உலோகப் பாகங்கள் செய்வதைத் தன் தொழிலாக்கிக்கொண்டது.